மணி அடிக்காதவர்கள்

லண்டனில், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனை ஒன்றின் முதியோர் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அன்று இரவு மூன்று நர்ஸ்கள் வந்திருக்க வேண்டும். இரண்டு பேர்தான் வந்தோம். தற்காலிக நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஆள் வரும் என்றார்கள், வரவில்லை. 28 நோயாளிகள், ஒரு உதவியாளர்.

அப்படிப்பட்ட இரவில் எங்களுக்கு வேலை சொல்வது கட்டில் பக்கத்து மணிதான். அடிப்பவரிடம் ஓடுவோம். தயங்காமல் கேட்கத் தெரிந்தவர், ஆங்கிலம் சரளமாக வருபவர், மாலையில் வந்து கேள்வி கேட்கும் பிள்ளைகள் உள்ளவர், இவர்களுக்கு எப்படியோ வேலை நடந்துவிடும். மூலைக் கட்டிலில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். விடிகாலை 4 மணிக்கு அவரிடம் போனபோது விரிப்பு முழுக்க நனைந்திருந்தது. ஏனம்மா கூப்பிடவில்லை என்றேன்.

"நீங்கள் ஓடித் திரியிறியள் பிள்ளை, அதுதான் கூப்பிடேல்ல."

துடைத்துவிடும்போது வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். 2 மணிக்கே அவரைப் புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும். சம்பவ அறிக்கையை நானே எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது.

வேல்ஸின் சுரங்கக் கிராமம் ஒன்றில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. சந்தையிடம் விட்டால் இது இன்னும் மோசமாகும் என்றார். 1948 முதல் பெரும்பாலான சிகிச்சைக்குக் காசு கேட்காத அமைப்பு என்.எச்.எஸ். ஆனாலும் அவர் சொன்னதை ஒரே வார்டுக்குள் பார்த்துவிட்டேன். வெளியிலும் அதே கதைதான். பல ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்குகளில் காலை 8 மணிக்கு போனில் முந்துபவருக்குத்தான் அன்றைய சந்திப்பு. விடியுமுன் துப்புரவு வேலைக்குப் போகிறவர் எப்படி முந்துவார்?

ஆள் பற்றாக்குறை தானாக வந்ததில்லை. 2017இல் இங்கிலாந்தில் புதிதாக நர்ஸிங் சேரும் மாணவர்களுக்கான உதவித்தொகையை எடுத்துவிட்டுக் கடன் வாங்கச் சொன்னார்கள். 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் வந்தது. படிப்புக் கட்டணத்துக்கான கடன் அப்படியே இருக்கிறது. இடைவெளியை நிரப்புவது கேரளா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா. அன்று என்னுடன் நின்ற தோழி நைஜீரியர். சுகாதாரப் பணியாளர் தட்டுப்பாடு கடுமையாக உள்ளவை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் பட்டியலிட்ட 55 நாடுகளில் அவருடையதும் ஒன்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, நானும் ஊரை விட்டு வந்தவள்தான். ஆனால் அவர் ஊர் வார்டில் அன்று இரவு எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் முந்தைய ஷிப்டிடமிருந்து பொறுப்பை வாங்கும் ஹேண்டோவர் முடிந்ததும் முதலில் மணி அடிக்காத கட்டில்களைச் சுற்றி வருகிறேன். போன வாரம் அப்படிச் சுற்றிவிட்டு வருவதற்குள், மணி அடித்த ஒரு பெரியவர் வலி மாத்திரைக்காக இருபது நிமிடம் காத்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.