கதிரை வந்த வழி

நம் பழைய வகுப்பறைகளில் கதிரை, அதாவது நாற்காலி, வாத்தியாருக்கு; வாங்கு, அதாவது நீள இருக்கை, பிள்ளைகளுக்கு. இரண்டுமே போர்த்துக்கேயச் சொற்கள்தான். அவற்றுள் கதிரையின் வரலாறு நீளமானது, கல்வியோடு ஒட்டியது.

கிரேக்கத்தில் ‘கதா’ என்றால் கீழே, ‘ஹெத்ரா’ என்றால் இருக்கை. இரண்டும் சேர்ந்த ‘கதெத்ரா’ இலத்தீனுக்குப் போயிற்று. உரோமாபுரியில் பெண்கள் சாய்ந்திருக்கும் மெத்தையிட்ட இருக்கைக்கும், பாடஞ்சொல்பவர் அமரும் இருக்கைக்கும் அதுவே பெயர். பின்னர் கிறிஸ்தவ ஆயரின் இருக்கையையும் குறித்தது. அந்த இருக்கை உள்ள கோயில்தான் கதீட்ரல்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவிலும் அதன் தெற்கே போர்த்துக்கலிலும் ஒரே மொழி வழங்கிய காலத்தில் ‘கதெத்ரா’ உருமாறியது. முதல் தகரம், ‘பத்து’வில் ஒலிக்கும் தகரம் ‘பந்து’வில் மெலிவதுபோல, மெலிந்தது. பின்னால் ‘த்ர’வில் நின்ற தகர மெய் யகர மெய்யாகக் கரைந்தது. விளைவு ‘கதெய்ரா’. இன்றும் இரு மொழிகளிலும் இச்சொல்லை ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

பொருள்தான் கிளைவிட்டது. கலீசியத்தில் கதெய்ரா என்றால் நாற்காலியும் உண்டு, இடுப்பின் பக்கமும் உண்டு. அங்கே ஒருவர் ‘கதெய்ரா நோகிறது’ என்றால் வைத்தியரைத் தேட வேண்டும், தச்சரை அல்ல. இருக்கையின் பெயர் அதில் இருத்தும் உறுப்புக்கு ஏறிவிட்டது. ஸ்பானியத்தில் ‘கதேரா’ இடுப்பு மட்டுமே. நாற்காலிக்கு அங்கே ‘சில்யா’. போர்த்துக்கேயத்தில் நாற்காலியே முதற்பொருள். இடுப்புக்குப் பன்மையில் சொல்வார்கள். போர்த்துக்கல் பல்கலைக்கழக மாணவருக்கோ கதெய்ரா ஒரு பாடம். ‘இரண்டு கதெய்ரா மிச்சம்’ என்றால் இரண்டு பாடம் இன்னும் சித்தியடையவில்லை என்று அர்த்தம். ஆசிரியரின் இருக்கை அவர் நடத்தும் பாடத்துக்கே பெயரானது எனக்கு மிகப் பிடித்த மாற்றம்.

யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் கையில் இருந்தது. அவர்களுடைய சொற்கள் தமிழில் எப்படி ஒலி மாறின என்பதற்கு ஓரளவு ஒழுங்கு உண்டு. ஈற்று ஆகாரம் பெரும்பாலும் ஐகாரமாகும்: மேசா மேசை, பேனா பேனை, வராந்தா விறாந்தை, கதெய்ரா கதிரை. ஈற்று ஓகாரம் உகரமாகும்: சப்பாத்தோ சப்பாத்து, பாங்கோ வாங்கு. ஆனால் ‘ஜனேலா’ ஈற்றை உதிர்த்து யன்னலாகிவிட்டது. ஆகவே ஒழுங்கை மட்டும் நம்பி ஒரு சொல்லுக்கு மூலம் தீர்மானிக்கக் கூடாது; பொருளும் காலமும் பொருந்த வேண்டும். அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோரையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது ஒல்லாந்தரின் ‘கந்தோர்’, 1658க்குப் பின் வந்தது.

இன்னொரு பொறி: ‘கதிரைவேற்பிள்ளை’ என்ற பெயரிலுள்ள கதிரை கதிர்காமம். அங்கே உறைபவன் கதிரை வேலன். அந்தக் கதிரைக்கும் போர்த்துக்கேயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.