ஸ்கூல் விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு நிலையம்: பெங்களூரில் யாரிடம் எதைக் கேட்பது?

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் மூன்றரை மணிக்கு ஸ்கூல் விட்டுவிடும். கார்மெண்ட்ஸுக்குப் போன அம்மா வீடு சேர ஆறரை, ஏழு ஆகும். இந்த மூன்று மணி நேரத்துக்காக நிலையம் தொடங்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் நிதியைத்தான் தேடுகிறார்கள். நோட்டு, பை, கேரம் போர்டு வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காக்களுக்கு மாதாமாதம் சம்பளம் தர யாரும் லேசில் முன்வர மாட்டார்கள். அதனால் சம்பளத்தை ஃபீஸில் எடுங்கள், மற்ற எல்லாவற்றையும் வெளியே கேளுங்கள்.

30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அக்காக்களுக்குத் தலா 9,000, சிற்றுண்டி செய்து கூட்டிப் பெருக்குபவருக்கு 4,000, ஆக மாதம் 22,000 ரூபாய். 30 ஆல் வகுத்து 750 என்று ஃபீஸ் வைத்தால் ஏப்ரலிலேயே கை கடிக்கும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் கிருஷ்ணகிரி, வேலூர் என்று ஊருக்குப் போய்விடுவார்கள், ஃபீஸ் நிற்கும். சம்பளத்தை நிறுத்தினால் நல்ல அக்கா ஜூனில் திரும்ப மாட்டார். 12 மாதச் சம்பளத்தைப் பத்து மாத ஃபீஸில் எடுக்க வேண்டும், அதாவது மாதம் 26,400. நாலு பேராவது தவணை தவறுவார்கள் என்று 26 ஆல் வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 1,015 வரும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் இரண்டாவதற்குக் குறைக்கத்தான் வேண்டும். அதனால் விழும் துண்டை மட்டும் நன்கொடையில் அடைக்கலாம்.

வாடகையைத் தவிர்க்க கோயில் மண்டபம், சர்ச் ஹால், சங்கக் கட்டடம் என்று கேட்டுப் பாருங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். முகூர்த்த நாளில் ஹால் கல்யாணத்துக்குப் போய்விடும், பிள்ளைகள் பையோடு வாசலில் நிற்பார்கள். எந்தெந்த நாள், எத்தனை மணி, ஹால் இல்லாத நாளில் எந்த அறை என்பது கடிதத்தில் இருக்கட்டும். கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து போடும்படியும் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கும்படியும் இருக்க வேண்டும்.

அரசுத் திட்டத்தில் சேரலாமே என்பார்கள். மத்திய அரசின் குழந்தைக் காப்பகத் திட்டமான பால்னா 6 மாதம் முதல் 6 வயது வரையான குழந்தைகளுக்கு. தொழிற்சாலைக் காப்பகமும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக அந்த மனுக்களை எழுதி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

இனி, அந்த மூன்று மணி நேரம். வந்தவுடன் ஹோம்வொர்க்கை எடுக்கச் சொல்வதுதான் பெரிய தவறு. மத்தியானம் சாப்பிட்டது செரித்துப் பசியோடும் களைப்போடும் வரும் பிள்ளைகள் அவர்கள். முதல் முக்கால் மணி நேரம் கை கழுவி, சாப்பிட்டு, ஓடி விளையாடட்டும். ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை வெந்தால் இரண்டேகால் கிலோ வரும், 30 பேருக்குத் தலா 75 கிராம் சுண்டல். டிசம்பர் குளிரில் எட்டு மணி நேரம் ஊறினால் போதாது, முந்தின இரவே போட்டுவிடுங்கள். தேங்காயைப் பரிமாறும்போது சேருங்கள், மதியமே கலந்தால் சாயங்காலம் ஊசிப்போய்விடும்.

படிப்பில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் கன்னடம். 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டத்தால் பள்ளிகளில் அது கட்டாயம். தமிழ் மட்டும் படித்த அம்மாவால் அந்த ஹோம்வொர்க்கைத் தொடவே முடியாது. இரண்டு அக்காக்களில் ஒருவர் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தே ஆக வேண்டும். பள்ளி ஆசிரியரைக் கூப்பிடலாமா என்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது.

பிள்ளைகளை வகுப்புப்படி பிரிக்காமல் வாசிக்கும் திறன்படி பிரியுங்கள். பிள்ளைகளின் வாசிப்பை ஊர் ஊராக அளந்து அறிக்கை வெளியிடும் ஏசர் அமைப்பின் வாசிப்புச் சோதனைத் தாள் தமிழிலும் கன்னடத்திலும் இலவசம். எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிகள், ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். வாசிக்கக் கொடுக்க, இங்கேயே இயங்கும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இரு மொழிக் கதைகளும் இலவசமாக இறக்கலாம். விளையாட்டு, கலை வழியாக வாழ்க்கைத் திறன் கற்றுத்தரும் ட்ரீம் எ ட்ரீம், உடல் பாதுகாப்புப் பாடம் நடத்தும் என்ஃபோல்ட் இரண்டுமே பெங்களூரு அமைப்புகள். பண உதவி கேட்டுப் போகாதீர்கள், அக்காக்களுக்குப் பயிற்சி கேளுங்கள்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. வேலைக்கு எடுக்கும் எல்லாருக்கும், வேன் டிரைவர் உட்பட, போலீஸ் சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள். ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு தனியே இருக்கும் நிலை எப்போதும் வரக் கூடாது, ஒரு அக்கா லீவு என்றால் வர மாற்று ஆள் தயாராக இருக்கட்டும். பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். "நமக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்று மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

சாயங்காலம் யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் தந்த இரண்டு பெயர், போட்டோ பதிவேட்டில் இருக்கட்டும். "மாமா வந்திருக்கேன்" என்று புது ஆள் நின்றால் அம்மாவுக்குப் போன் போட்டு, அவர் குரலைக் கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணத்துக்குக் கடைசியில் போங்கள். டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிந்து, வருமான வரித் துறையின் வரிவிலக்கு, நன்கொடைச் சலுகைப் பதிவுகளை (12ஏ, 80ஜி என்பார்கள்) வாங்கி, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு நாளின் வருகைப் பதிவு, சிற்றுண்டிச் செலவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த வாசிப்புச் சோதனை ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். அவர்கள் வந்தால் முதலில் பார்க்கக் கேட்பது அந்த நோட்டைத்தான்.