பாலின ஆய்வும் அன்னக்கூடையும்

பாலின ஆய்வில் பிஎச்டி என்றால் ஆண்களைத் திட்டுவதற்கு ஒரு பட்டம் என்று எங்கள் தெருவில் ஒரு எண்ணம். சரி, இருக்கட்டும்.

அந்தப் பட்டத்துக்கான என் ஆய்வுக் களம் கடலூர் துறைமுகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும். அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்கும் அக்காக்களின் அடுப்பு நிற்க முடியுமா? அப்போது கடன் யார் பெயரில், வட்டி யார் கட்டுவது, கருவாடு விற்ற காசு யார் கையில், இதுதான் என் கேள்விகள். "ஒரு கூறு சங்கரா வாங்கு, அப்புறம் கேளு" என்கிறார் ஓர் அக்கா. நியாயம்தானே, வாங்கிவிடுகிறேன். வீட்டில்தான் தினமும் மீன் குழம்பா என்று சலிப்பு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளில் பிஎச்டிக்கு அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு, மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு. நல்ல சலுகைதான், எனக்கும் தேவைப்படலாம். ஆனால் குழந்தைப் பராமரிப்பு விடுப்பைப் பெண்ணுக்கு மட்டும் எழுதி வைத்ததைப் பற்றியே தனியாக ஓர் அத்தியாயம் எழுதலாம்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ படிப்பு?" என்கிற மாமாவுக்கு: விடுதலைப் போராட்டத்தில் இறங்கிய நம்ம கடலூர் அஞ்சலையம்மாள் 1937லேயே சட்டமன்றம் போய்விட்டார், மாமா.

கடலூர் முதுநகர் பக்கம் பழைய மகளிர் குழு கணக்கு நோட்டு யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவேன்.