ஒரே எண்ணை ஒரு வாரம் வைத்துப் படித்தேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். 7200-க்கு எத்தனை வகுத்திகள் என்று ஒரு கேள்வி. 1, 2, 3, 4 என்று தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். ஆறு நிமிடம் ஓடிவிட்டது. ஐம்பதோடு நின்றுவிட்டேன், விடை 54. குரூப் 4-ல் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம்தான். ஒரு கேள்விக்கு முழுசாக ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தேன்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-ல் கட்டுரை வெளியிட்டார். அதில் 6746328388800 வரை அவர் போட்ட பட்டியலில் விடுபட்டுப்போன எண் இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

முதல் நாள் வகுத்தே பார்க்கவில்லை, இலக்கங்களை மட்டும் பார்த்தேன். கடைசியில் இரண்டு பூஜ்யம், எனவே 100-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 45, எனவே 9-ஆல் வகுபடும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் ஒரு பக்கம் 17, மறுபக்கம் 28. வித்தியாசம் 11, ஆகவே 11-ஆலும் வகுபடும். இவ்வளவும் அரை நிமிட வேலை.

அப்புறம் பகாக் காரணிகளாகப் பிரித்தேன்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இந்த வரி கைக்கு வந்துவிட்டால் பன்னிரண்டு இலக்க எண்ணை மறந்துவிடலாம். வகுத்திகளை எண்ண, ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். ஏன் ஒன்று? இதை மனப்பாடம் செய்தவர்கள்தான் தேர்வு அறையில் தடுமாறுகிறார்கள். ஒரு வகுத்தியில் 2 என்பது இல்லாமலே இருக்கலாம், ஒரு தடவை வரலாம், ஆறு தடவை வரை வரலாம். மொத்தம் ஏழு வழி. அந்த 'இல்லாமலே இருக்கலாம்' என்பதுதான் கூட்டுகிற ஒன்று. 7×5×3×3×2×2×2×2 = 5040. ஒற்றைப்படை வகுத்திகள் மட்டும் வேண்டுமா? 2-ஐ விட்டுவிடுங்கள், அந்த ஏழு போய்விடும்: 720.

7200-க்குத் திரும்பினேன். 2⁵ × 3² × 5². ஆகவே 6×3×3 = 54. பத்து நொடி ஆகவில்லை.

எந்த மிகச்சிறிய எண்ணால் வகுத்தால் முழு வர்க்கம் கிடைக்கும் என்றும் கேட்பார்கள். ஒற்றை அடுக்கில் நிற்பவை 11, 13, 17, 19. பெருக்கினால் 46189. அதால் வகுத்தால் மிஞ்சுவது 2520-இன் வர்க்கம். 2520 என்பது 1 முதல் 10 வரையான எண்களின் மீச்சிறு பொது மடங்கு! இதைப் பார்த்த அன்று சில்வர் பீச் வரை நடந்து போய்விட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று: 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இந்த எண்ணில் மீதி வராது. 23-ல்தான் நிற்கும். அந்த 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் வரும். அதன் வகுத்திகள் 10080.