செக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்: ஓர் ஊராட்சித் துணைத்தலைவரின் அனுபவம்

2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக ஜெயித்தேன். 2020 ஜனவரி 6 பதவியேற்பு, 11ஆம் தேதி உறுப்பினர்களே ஓட்டுப் போடும் மறைமுகத் தேர்தலில் துணைத்தலைவர். ஊராட்சிப் பணத்தை எடுக்க தலைவர், துணைத்தலைவர் இரண்டு பேரும் செக்கில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. அதற்கு யாரும் எங்களைத் தயார்படுத்தவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஊராட்சிச் செயலர் வண்டியை அணைக்காமலேயே வாசலில் நின்று செக் புத்தகத்தை நீட்டினார். "அக்கா, தலைவர் போட்டுட்டார். நீங்க போட்டா போதும்."

"எதுக்குத் தம்பி?"

"மோட்டார் ரிப்பேருக்கா."

எந்தத் தெரு மோட்டார், பில் எங்கே, செலவுக்கு ஊராட்சிக் கூட்டம் ஒப்புக்கொண்ட தீர்மானம் எங்கே என்று கேட்டேன். எல்லாம் ஆபீசில் இருக்கிறது என்றார். "சரி, ஆபீசுக்கே வந்து பார்த்துட்டுப் போடுறேன்" என்று அனுப்பிவைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதுவரை அப்படிக் கேட்ட ஆளில்லை போல.

பயிற்சி நடக்காமல் இல்லை. எல்லா ஊராட்சிக்காரர்களையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், 1994ஆம் வருடத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிராம சபையின் பெருமை, மதியச் சாப்பாடு, அப்புறம் திட்டங்களின் பெயர்ப் பட்டியல். ஒரு ரொக்கப் புத்தகத்தை விரித்து, வரவு இங்கே, செலவு இங்கே என்று காட்டியவர் ஒருவர்கூட இல்லை. வார்டு உறுப்பினர் பெண்கள் பின்வரிசையில் இருந்தார்கள். சிலருடைய கையேடு பக்கத்தில் இருந்த கணவர் கையில் இருந்தது. பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டு, கணக்குப் படிக்கச் சொல்லித்தராமல் விடுவது பெரிய அநியாயம். கையெழுத்து அவளுடையது, தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவளும் அவள்தான்.

கொஞ்ச நாளில் கொரோனா வந்தது. மே தினக் கிராம சபை நடக்கவில்லை, அக்டோபர் 2 கூட்டமும் கடைசி நேரத்தில் ரத்தானது. ஊரே சேர்ந்து கணக்குக் கேட்கும் ஒரே இடமும் மூடிக்கிடந்தது.

எனக்குக் கைகொடுத்தவர் பக்கத்து ஊராட்சியில் செயலராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். திண்ணையில் உட்காரவைத்து, முதலில் மூன்று கணக்குகளைப் பிரித்துக் காட்டினார். முதல் கணக்கு பொதுநிதி, வீட்டு வரியெல்லாம் அதில். இரண்டாவதிலிருந்து கரண்டு பில்லும் குடிநீர் வாரியக் கட்டணமும் போகும். மூன்றாவது திட்டப் பணம். "பில்லைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலேயே போம்மா" என்பார். பில்லிலிருந்து தீர்மானப் புத்தகம், கட்டுமான வேலையாக இருந்தால் ஓவர்சியர் அளந்து எழுதிய அளவுப் புத்தகம், அங்கிருந்து ரொக்கப் புத்தகம், கடைசியில் பாஸ்புக். அந்த மோட்டார் பில்லையும் அப்படித்தான் பார்த்தேன். காயில் கட்டின கூலி, பேரிங் விலை எல்லாம் இருந்தது, எந்தத் தொட்டி மோட்டார் என்பது மட்டும் இல்லை. தொட்டி ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டு, பில்லின் மேல் தெருப் பெயரை எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போட்டேன். செலவு உண்மையானதுதான். ஆனால் அடுத்த மாதம் அதே மோட்டாருக்கு இன்னொரு பில் வந்தால் இனி தெரிந்துவிடும். அதற்கப்புறம் செயலர் தம்பியே பில்லோடு தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துவர ஆரம்பித்தார். அவர் மேலும் எனக்குக் கோபமில்லை. வரி வசூல், குடிநீர், தெருவிளக்கு, பதிவேடு என்று எல்லாமே அந்த ஒரே ஆள் தலையில்தான்.

மத்திய அரசிடமிருந்து வந்த 15ஆவது நிதிக்குழு மானியம் வேறு பாடம். 2021-22இலிருந்து அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவழிக்க முடிந்தது. எங்கள் தெருக்காரர்களோ சிமெண்ட் ரோடுதான் வேண்டும் என்றார்கள். பணம் வந்தும் போடவில்லை என்று பேச்சு கிளம்பியது. கிராம சபை மறுபடி கூட ஆரம்பித்ததும் இவ்வளவு வந்தது, இதில் இவ்வளவு ரோட்டுக்குத் தொடமுடியாது என்று சார்ட்டில் எழுதி ஒட்டினோம். கோபம் முழுதும் போகவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் மீதி 40 சதவீதம் என்ன ஆச்சு என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. அடுத்து ஜெயித்து வருகிறவர்களுக்குப் பயிற்சியை முதல் மாதத்திலேயே, அவரவர் ஊராட்சி ஆபீசில், அந்த ஊர் ரொக்கப் புத்தகத்தை வைத்தே நடத்தவேண்டும். வார்டு உறுப்பினர்களையும் விடக்கூடாது. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், பதவியேற்றதும் மூன்று கணக்கின் பாஸ்புக்கையும் பார்க்கக் கேளுங்கள்.