ஃபீச்சர் கோரிக்கைகளில் எதை முதலில் எடுப்பது?

மூலக் கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் புது வசதி (ஃபீச்சர்) கேட்டுக் கோரிக்கைகள் குவிந்ததும், கட்டைவிரல் (👍) வாக்கு அதிகம் விழுந்ததையே முதலில் எடுக்கத் தோன்றும். கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் 2016-இல் ஈமோஜியால் கருத்துச் சொல்லும் ரியாக்‌ஷன் வசதி வந்தபிறகு எண்ணுவதும் எளிதாகிவிட்டது. ஆனால் நான்கு வருடப் பழைய இஷ்யூவுக்கு (அங்கே பதியும் கோரிக்கைக்கு) வாக்கு சேர நான்கு வருடம் கிடைத்திருக்கிறது, போன வாரம் வந்ததற்கு ஒரு வாரம்தான். கோடு எழுதும் மென்பொருளான விஎஸ் கோட்டின் குழு கெடு வைத்தது: 60 நாளில் 20 வாக்கு வந்தால் பேக்லாக் (பின்னர் செய்யும் பட்டியல்), வராவிட்டால் மூடல். சிறிய திட்டத்துக்கு 20 எட்டாத எண். அங்கே மூன்று பேர் தங்கள் பயன்பாட்டைத் தனித்தனியாக விவரித்திருந்தால், அதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கோரிக்கையாகப் பெரும்பாலும் வருவது தீர்வு. பிரச்சினை அதற்குள் ஒளிந்திருக்கும். உதாரணமாக, மென்பொருளிலிருந்து ஏற்றுமதியாகும் சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்பில் 03/04/2024 என்று இருக்கிறது. அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? ஒருவர் தேதி வடிவத்தை மாற்ற ஆப்ஷன் கேட்கிறார், இன்னொருவர் மாதத்தை எழுத்தில் கேட்கிறார், மூன்றாமவர் நாடுவாரி அமைப்பு கேட்கிறார். மூவருக்கும் குழப்பம் ஒன்றே. தேதி எழுதும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் 2024-04-03 (ஆண்டு-மாதம்-நாள்) என்று எழுதினால் மூன்றும் தீரும். ஆனால் பழைய வடிவத்தை நம்பி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதியவர்களுக்கு உடையும் என்பதால், இந்த மாற்றம் அடுத்த மேஜர் வெர்ஷனில்தான் (பெரிய மாற்றங்களுக்கான பதிப்பில்) போக வேண்டும்.

ஆப்ஷன் சேர்ப்பது மலிவு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஆன்-ஆஃப் ஆப்ஷன் ஐந்து இருந்தால் 32 சேர்க்கைகள், ஆறாவது வந்தால் 64. எல்லாவற்றையும் யாரும் சோதிப்பதில்லை. பக் அங்கேதான் தங்கும்.

இஷ்யூ டெம்ப்ளேட்டில் (கோரிக்கை எழுதும் படிவத்தில்) இரண்டு கேள்விகள் கட்டாயம் வையுங்கள்: எந்த வேலை நடுவில் நிற்கிறது? இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இரண்டு வரி ஸ்கிரிப்டில் சமாளிக்க முடிந்தால் கீழே போகலாம். வழியே இல்லை, அல்லது தரவு அழிகிறது என்றால் வாக்கு பார்க்காமல் மேலே ஏற்றுங்கள்.

கோடும் டெஸ்டும் சேர்த்து புல் ரிக்வெஸ்ட் (எழுதிய மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வந்துவிட்டது என்பதற்காக முன்னுரிமை தர வேண்டியதில்லை. எழுதியவர் போய்விட்டாலும் அந்தப் பகுதியைப் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ப்ளகினாக (தனியே சேர்த்துக்கொள்ளும் துணை நிரலாக) வெளியே வைக்கச் சொல்லலாம். மறுப்பதானால் காரணத்தை ஒரு வரியில் எழுதி அன்றே மூடுங்கள். மாதக்கணக்கில் திறந்தே கிடந்தால், எழுதியவர் அதை நம்பி ரீபேஸ் செய்துகொண்டே (புதிய கோடுக்கு ஏற்பத் தன் மாற்றத்தைப் புதுப்பித்துக்கொண்டே) இருப்பார்.