வாட்ச் இப்போது அரிசி டின்மேல் கிடக்கிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் காலையில் ஓடினால் எல்லோரும் என்னை முந்திக்கொண்டு போவார்கள், கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடும் அம்மாக்கள் உட்பட. போதாக்குறைக்கு இது காம்ரேட்ஸ் மாரத்தான் நடக்கும் ஊர். 1921-லிருந்து, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். கோயிலில் பார்க்கும்போதெல்லாம் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் அத்தை கேட்பார், "நீ எப்போ காம்ரேட்ஸ் ஓடப்போறே?"

அஞ்சு கிலோமீட்டருக்கே நாக்கு தள்ளுது அத்தை!

போன மாதம் ஜப்பானிய நாவலாசிரியர் முரகாமி தன் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தை வாசித்தேன். அவர் ஓட ஆரம்பித்ததே 33 வயதில். 1996-இல் ஜப்பானின் சரோமா ஏரிக்கரையில் 100 கிலோமீட்டர் ஓடி முடித்திருக்கிறார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அதற்குப் பிறகு ஓட்டத்தின் மேலேயே ஆசை விட்டுப்போனதையும், வயது ஏற ஏற நேரம் கூடிக்கொண்டே போனதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாரே, அங்கேதான் நின்றுவிட்டேன். தனியாக இருப்பது தனக்குக் கஷ்டமே இல்லை என்றும் சொல்கிறார். சின்ன வயதிலிருந்து "யாரோடும் ஒட்டாத பிள்ளை" என்று பேர் வாங்கியவள் நான். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். (அழவெல்லாம் இல்லை. சரி, கொஞ்சம்.)

நேற்று வாட்ச் கட்டாமல் போனேன். உம்கேனி ஆறு கடலில் சேரும் இடம் வரை ஓடி, மீன்பிடிக்கிற தாத்தா தூண்டிலில் இரை மாட்டுவதை நின்று பார்த்தேன். திரும்பும்போது பாதி தூரம் நடைதான்.